ஜூனியர் கல்லூரியில் சமூகவியல்: எடுக்கலாமா, எடுத்தால் எப்படிப் படிப்பது?

பள்ளியை முடித்துவிட்டு, பட்டப்படிப்புக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பான ஜூனியர் கல்லூரியில் கலைப் பிரிவில் சேரப்போகிறீர்கள். விருப்பப் பாடமாகச் சமூகவியலை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுலபமான பாடம், பரீட்சைக்கு முந்தைய வாரம் மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார்களாம் மூத்த மாணவர்கள். அதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்கிறார்களாம் வீட்டில். எடுத்தால் எப்படிப் படிக்க வேண்டும் என்பது உங்கள் சொந்தக் கேள்வி. இந்தப் பாடத்தைக் கற்பிப்பதும் அதன் விடைத்தாள்களைத் திருத்துவதும் என் தொழில். ஆகவே பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் 'சுலபம்' விவகாரம். சமூகவியலில் தேர்ச்சி பெறுவது சுலபம், நல்ல மதிப்பெண் வாங்குவது கடினம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வேதியியல் வகுப்புக்குள் நுழையும் எவருக்கும் பென்சீனைப் பற்றி முன்கூட்டியே ஒரு கருத்து இருக்காது. குடும்பம், பள்ளிக்கூடம், திருமணம், மதம், வறுமை, குற்றம் ஆகியவற்றைப் பற்றியோ கருத்து இல்லாதவர்களே கிடையாது. அதனால் முதல் சில வாரங்கள் பாடப்புத்தகம் தெரிந்த சங்கதியையே பெரிய வார்த்தைகளில் சொல்வதாகத் தோன்றும். 'இதற்கு எதற்கு ஒரு வகுப்பு' என்ற அலட்சியம் வரும். பரீட்சையில் எதைக் கேட்டாலும் இரண்டு பக்கம் எழுதிவிட முடியும். எழுதியது பெரும்பாலும் சொந்த அபிப்பிராயமாக இருக்கும். அதற்குப் பாதி மதிப்பெண் கிடைக்கும். 'நன்றாகத்தானே எழுதினேன், ஏன் குறைந்தது' என்று கேட்டு வரும் மாணவர்களில் முக்கால்வாசிப் பேரின் கதை இதுதான்.

ஆக, இந்தப் பாடம் கேட்கும் உழைப்பு நினைவாற்றல் சார்ந்ததாக இல்லை. நமக்குத் தெரியும் என்று நினைப்பதை 'எப்படித் தெரியும்?' என்று நிறுத்திக் கேட்கும் பழக்கம்தான் அது. இதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

ஒரு மனிதனுக்கு வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டால் அவன் சோம்பேறி, திறமை போதாது, வாய் அதிகம் என்று நம்மிடம் விளக்கங்கள் தயாராக இருக்கும். அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் இதற்கு ஒரு எளிய கணக்கைச் சொன்னார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவனுக்கு மட்டும் வேலை இல்லை என்றால், அவனுடைய குணத்தையும் திறமையையும் பார்ப்பது நியாயம். ஐந்து கோடிப் பேர் வேலை செய்யும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால், ஒன்றரைக் கோடிப் பேரின் குணத்தையும் ஆராய்ந்துகொண்டிருப்பதில் பொருள் இல்லை. வேலைகளை உருவாக்கும் அமைப்பையே ஆராய வேண்டும். தனிமனிதச் சிக்கலையும் பொதுப் பிரச்சினையையும் பிரித்துப் பார்க்கும் இந்தப் பார்வை கைவந்துவிட்டால் முதலாண்டுப் பாடத்தில் பாதி புரிந்த மாதிரி. விவாகரத்து, கடன், படிப்பை இடையில் நிறுத்துவது என்று எதன் மீதும் இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கலாம்.

மில்ஸுக்கு வெகுகாலம் முன்பே இதே திசையில் இன்னும் ஆழமாகப் போனவர் பிரான்ஸின் எமில் துர்கைம். தற்கொலையைவிட அந்தரங்கமான செயல் ஒன்று இருக்க முடியாது என்றே யாரும் நினைப்பார்கள். 1897இல் வெளியான தம் ஆய்வில் அவர் ஐரோப்பிய நாடுகளின் அரசுப் புள்ளிவிவரங்களை அடுக்கிக் காட்டினார். ஒவ்வொரு நாட்டின் தற்கொலை விகிதமும் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறாமல் இருந்தது. நாட்டுக்கு நாடு மட்டும் வேறுபட்டது. கத்தோலிக்கர்களைவிடப் புராட்டஸ்டண்டுகளிடையிலும், மணமானவர்களைவிட மணமாகாதவர்களிடையிலும் விகிதம் கூடுதலாக இருந்தது. போர்க்காலங்களில் குறைந்தது. தனித்தனி மனிதர்களின் மனநிலை மட்டுமே காரணம் என்றால் இப்படியொரு ஒழுங்கு எப்படி வரும் என்பது அவருடைய கேள்வி. ஒருவர் தம் குழுவோடு எவ்வளவு பிணைக்கப்பட்டிருக்கிறார், அந்தக் குழுவின் நெறிகள் அவரை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகின்றன என்ற இரண்டு அளவுகளைக் கொண்டு அவர் விளக்கம் கட்டினார்.

பெரும்பாலான மாணவர்கள் இங்கே நான்கு வகைத் தற்கொலைகளின் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். சுவையான பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது. 1967இல் ஜாக் டக்ளஸ் என்பவர், துர்கைம் நம்பிய அந்தப் புள்ளிவிவரங்களையே கேள்விக்கு உட்படுத்தினார். ஒரு மரணத்தைத் தற்கொலை என்று பதிவு செய்வது யார்? ஓர் அதிகாரி. எதை வைத்து முடிவு செய்கிறார்? இறந்தவரின் சூழ்நிலை, குடும்பத்தாரின் வாக்குமூலம், தம்முடைய ஊகம் ஆகியவற்றை வைத்து. உறவுகள் நெருக்கமாக இருக்கும் சமூகத்தில், குடும்பப் பெயர் கெடக் கூடாது என்பதற்காக அதை விபத்து என்று பதிவு செய்ய வைக்கும் வாய்ப்பும் அதிகம். அப்படியானால் நெருக்கமான சமூகத்தில் உண்மையிலேயே தற்கொலை குறைவா, அல்லது பதிவாவதுதான் குறைவா? இந்த ஒரு கேள்வியைப் புரிந்துகொண்ட மாணவர், குற்றப் புள்ளிவிவரம், குடும்ப வன்முறை, குழந்தைத் தொழில் என்று எந்த எண்ணைப் பார்த்தாலும் 'இதை யார் எண்ணினார்கள், எதை விட்டுவிட்டார்கள்' என்று கேட்கத் தொடங்கிவிடுவார்.

பாடத்திட்டம் வாரியத்துக்கு வாரியம் மாறும். ஆனாலும் எலும்புக்கூடு ஏறத்தாழ ஒன்றேதான். முதலாண்டில் அடிப்படைக் கருத்தாக்கங்கள் வரும்: குழு, தகுநிலை, பங்கு, நெறிகள், விழுமியங்கள், சமூகமயமாதல், சமூகக் கட்டுப்பாடு, பண்பாடு. கூடவே குடும்பம், கல்வி, மதம், பொருளாதாரம், அரசு ஆகிய நிறுவனங்கள். இரண்டாமாண்டில் சமூக அடுக்கமைவு (சமூகம் மேல், கீழ் என்று படிகளாகப் பிரிந்திருப்பது), பாலினம், சமூக மாற்றம், சமூகப் பிரச்சினைகள். எங்காவது ஓரிடத்தில் கோட்பாடுகளும் ஆய்வு முறைகளும் நுழைக்கப்பட்டிருக்கும். கருத்தாக்கப் பகுதி சற்று வறட்சியாகத்தான் இருக்கும். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிடுங்கள். வரையறைகளைச் சரியாக எழுதத் தெரிந்தால் போதும், அதில் தோய்ந்துபோக வேண்டியதில்லை. மாணவர்கள் ஒதுக்கித் தள்ளும் கோட்பாடும் ஆய்வு முறையும்தான் இந்தப் பாடத்தின் உயிர் என்பது என் அபிப்பிராயம். ஆசிரியர்களே சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கோட்பாடுகளைப் பாடப்புத்தகங்கள் மூன்று பெட்டிகளாகக் கொடுக்கும்: செயற்பாட்டுவாதம், முரண்பாட்டுவாதம், குறியீட்டு இடைவினைவாதம். ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆண்டு, நான்கு அம்சங்கள். இப்படிப் படித்தால் பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடும். இவை ஒரே காட்சியைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொள்ளும் மூன்று பேர்வழிகள் என்று எடுத்துக்கொண்டு, ஏதாவது ஓர் இடத்தில் அவர்களை உட்கார வையுங்கள். நீங்கள் தினமும் போகும் வகுப்பறையே போதும்.

செயற்பாட்டுவாதி சொல்வார்: ஒரு சமூகத்துக்கு வெவ்வேறு வேலைகளுக்கு வெவ்வேறு திறமைசாலிகள் தேவை, பள்ளிக்கூடம் அவர்களைத் தரம் பிரித்து அனுப்புகிறது, கூடவே பொதுவான விழுமியங்களையும் கற்றுக்கொடுக்கிறது. முரண்பாட்டுவாதி குறுக்கிடுவார்: தரம் பிரிக்கிறது, சரி, ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைகளே எப்படி எப்போதும் மேல் தரத்தில் இருக்கிறார்கள்? அமெரிக்காவின் சாமுவேல் பவுல்ஸ், ஹெர்பர்ட் கிண்டிஸ் இருவரும் 1976இல் வைத்த வாதம் இந்த வகை. நேரம் தவறாமை, மேலே இருப்பவர் சொன்னதைச் செய்வது, மதிப்பெண்ணுக்காக வேலை பார்ப்பது என்று தொழிற்சாலைக்குத் தேவையான ஒழுங்கையே பள்ளி பழக்குகிறது என்றார்கள். பிரான்ஸின் பியர் பூர்தியூ இன்னும் நுட்பமாகப் போனார். வீட்டில் பேசும் மொழி, பழகிய ரசனை, தயக்கமில்லாமல் கேள்வி கேட்கும் தோரணை ஆகியவை ஒருவகைப் பண்பாட்டு மூலதனம் என்றும், பள்ளி அந்த மூலதனத்தைத் திறமை என்று நினைத்துப் பரிசளிக்கிறது என்றும் அவர் காட்டினார்.

மூன்றாமவரான குறியீட்டு இடைவினைவாதி இவ்வளவு பெரிய படங்களை வரைய மாட்டார். வகுப்பின் மூலையில் உட்கார்ந்து கவனிப்பார். ரே ரிஸ்ட் என்ற ஆய்வாளர் அப்படித்தான் அமெரிக்காவில் ஒரு மழலையர் வகுப்பைப் பின்தொடர்ந்து, 1970இல் எழுதினார். பள்ளி திறந்த எட்டாவது நாளிலேயே ஆசிரியை குழந்தைகளுக்கு நிரந்தர இடம் ஒதுக்கிவிட்டார். மொத்தம் மூன்று மேசைகள். சுத்தமான உடை, நன்றாக வாரிய தலை, ஆசிரியையிடம் சரளமான பேச்சு, ஓரளவு வசதியான குடும்பம் என்று இருந்தவர்கள் அவருக்கு அருகிலிருந்த முதல் மேசைக்குப் போனார்கள். மற்றவர்கள் அடுத்த இரண்டு மேசைகளுக்கு. அதற்குள் எந்தத் தேர்வும் வைக்கப்படவில்லை. பாடம் நடத்தும்போது அவருடைய கவனமும் பேச்சும் பெரும்பகுதி முதல் மேசைக்கே சென்றன. ஆண்டு முடிவில் முதல் மேசைக் குழந்தைகள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். அடுத்தடுத்த வகுப்புகளிலும் அந்த வரிசை பெரிதாகக் குலையவில்லை. அங்கே ஆசிரியையும் குழந்தைகளும் கறுப்பினத்தவர்களே என்பதைக் கவனியுங்கள். பிரித்தது நிறம் இல்லை, வர்க்கத்தின் அடையாளங்கள்.

இந்த ஓர் ஆய்வை உண்மையிலேயே உள்வாங்கிக்கொண்டால், முத்திரை குத்துதல், ஆசிரியர் எதிர்பார்ப்பு, தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்ளும் கணிப்பு (நம்பிய காரணத்தாலேயே உண்மையாகிவிடுவது), வர்க்கம், பண்பாட்டு மூலதனம் என்று ஐந்து தலைப்புகளுக்கு அது உதவும். இருபது ஆய்வுகளின் பெயர்களைத் தெரிந்துவைப்பதைவிட ஏழெட்டு ஆய்வுகளை இப்படி அடிமுதல் நுனிவரை தெரிந்துவைப்பது மேல். யாரை ஆராய்ந்தார், எப்படி ஆராய்ந்தார், என்ன கண்டார், அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்ற நான்கும் தெரிந்தால்தான் அந்த ஆய்வு உங்களுடையது. ரிஸ்டின் ஆய்வில் ஓட்டை வெளிப்படை. அவர் பின்தொடர்ந்தது ஒரே ஒரு குழந்தைக் கூட்டத்தை. அதை வைத்து எல்லாப் பள்ளிகளைப் பற்றியும் பேச முடியாது.

அப்படியானால் எத்தனை பேரை ஆராய்ந்தால் போதும்? ஆய்வு முறைப் பாடத்தில் எல்லோருக்கும் எழும் சந்தேகம் இது. அதிகம் பேர் என்றால் அதிக உண்மை என்று மனம் நம்பும். 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலை நினைவில் வையுங்கள். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குக் கருத்துக்கணிப்புச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்று பத்திரிகை அறிவித்தது. தேர்தலில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். ஒப்பிட்டால் மிகச் சிறிய மாதிரியை, அதாவது கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த ஆட்களை, வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகக் கணித்திருந்தார். பத்திரிகை பெயர்களை எடுத்த முக்கியமான இடங்கள் தொலைபேசிப் பட்டியலும் கார் பதிவேடும். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். சீட்டைச் சிரமப்பட்டு நிரப்பித் திருப்பி அனுப்பியவர்கள், அனுப்பாதவர்களைப் போன்றவர்களா என்ற சிக்கல் வேறு. மாதிரியின் அளவைவிட அது யாரைப் பிரதிநிதித்துவம் செய்கிறது என்பதே முக்கியம் என்ற சூத்திரத்தை வெறுமனே எழுதும் மாணவருக்கும், இந்தத் தேர்தலோடு சேர்த்து எழுதும் மாணவருக்கும் மதிப்பெண்ணில் தெரியும் வித்தியாசம்.

பல இடங்களில் சிறு கள ஆய்வோ செயல்திட்டமோ செய்யச் சொல்வார்கள். இணையத்தில் கிடைத்ததை ஒட்டி, வண்ண அட்டை போட்டுக் கொடுத்துவிட்டுத் தப்பிப்பவர்களே அதிகம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரண்டாண்டுகளில் இந்தப் பாடத்தை நீங்கள் உண்மையில் தொட்டுப் பார்க்கும் ஒரே இடம் அதுதான்.

ஓர் உதாரணம். வீட்டு வேலையில் ஆண், பெண் பங்கு என்ற தலைப்பை எடுத்துக்கொள்கிறீர்கள். வினாப்பட்டியலின் முதல் கேள்வியாக மாணவர்கள் வழக்கமாக எழுதுவது: 'உங்கள் வீட்டில் வேலைகள் சமமாகப் பகிர்ந்துகொள்ளப்படுகின்றனவா? ஆம் / இல்லை.' இந்தக் கேள்வியில் எத்தனை கோளாறுகள் என்று பாருங்கள். 'சமமாக' என்றால் ஒருவருக்கு ஒரு பொருள், இன்னொருவருக்கு வேறு. நல்ல பதில் எது என்பது கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது. 'இல்லை' என்று சொல்லி வீட்டை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? யாரிடம் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். கணவர் 'ஆம்' என்பார், மனைவி பக்கத்தில் இருந்தால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். நூறு பேரிடம் கேட்டு எண்பது 'ஆம்' வாங்கினாலும் உங்களிடம் இருப்பது ஒன்றுமில்லை.

அதே கேள்வியை இப்படி மாற்றுங்கள்: 'நேற்றுக் காலையிலிருந்து இரவுவரை உங்கள் வீட்டில் சமையல், பாத்திரம் துலக்குதல், துணி துவைத்தல், குழந்தை அல்லது முதியவரைப் பார்த்துக்கொள்ளுதல் ஆகிய ஒவ்வொன்றையும் யார் செய்தார்? ஏறத்தாழ எவ்வளவு நேரம்?' ஒரே வீட்டில் இருவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பத்து வீடுகள் போதும். இருவர் சொல்லும் கணக்கும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத அந்த இடமே உங்கள் ஆய்வின் கண்டுபிடிப்பு. இன்னொரு கேள்வியையும் சேர்க்கலாம்: 'நாளைக்கு என்ன சமைக்க வேண்டும், எது தீர்ந்துபோயிற்று என்று யோசிப்பவர் யார்?' யோசிப்பதும் வேலை என்பதே பலருக்கு அப்போதுதான் உறைக்கும். பிரிட்டனின் ஆன் ஓக்லி லண்டனில் 40 இல்லத்தரசிகளை நேர்காணல் செய்து, 1974இல் வெளியிட்ட ஆய்வில் அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 77 மணி நேரம் வீட்டு வேலை செய்வதாகக் கணக்கிட்டார். அதற்கு முன்னால் வீட்டு வேலையை 'வேலை' என்ற தலைப்பின் கீழ் வைத்து ஆராயச் சமூகவியலாளர்கள் அனேகமாக மெனக்கெடவே இல்லை. அந்தத் துறையில் பெரும்பாலும் யார் இருந்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

களத்துக்குப் போகும்போது சில மரியாதைகள் உண்டு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள், சம்மதம் வாங்குங்கள், பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியைத் தவிர்க்கும் உரிமையைக் கொடுங்கள். பெயரை எழுதாதீர்கள். அடுத்த வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று இந்த வீட்டில் சொல்லாதீர்கள். குறிப்புகளை அன்றிரவே விரித்து எழுதி, ஒரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள். இந்தியச் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பகுதிக் கிராமத்தில் செய்த கள ஆய்வின் தொகுத்த குறிப்புகள் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் பிரதிகளோடு சேர்ந்து எரிந்துபோயின. மனம் தளராமல் பெரும்பாலும் நினைவிலிருந்தே அந்தக் கிராமத்தைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். அவர் சீனிவாஸ், நமக்கு அது நடக்காது.

இனி விடை எழுதும் கலைக்கு வருகிறேன். 'ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவது ஏன்? விவாதிக்க' என்ற கேள்விக்கு வழக்கமாக வரும் விடை இது:

'ஏழைப் பெற்றோர்களுக்குக் கல்வியின் அருமை தெரிவதில்லை. அவர்கள் பிள்ளைகளை ஊக்குவிப்பதில்லை. பிள்ளைகளும் கவனம் சிதறிக் கெட்ட சகவாசத்தில் விழுகிறார்கள். எனவே அரசு விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்.'

முதல் வாக்கியத்திலேயே தகராறு. எல்லா ஏழைப் பெற்றோர்களுக்குமா? யார் கேட்டுப் பார்த்தது? தம் பிள்ளையாவது படிக்கட்டும் என்று வயிற்றைக் கட்டும் பெற்றோர்கள் இந்த வாக்கியத்தில் எங்கே? இரண்டாவது, ஊக்குவிப்பது என்றால் என்ன என்று சொல்லவில்லை. பள்ளிக் கூட்டத்துக்கு வராததை ஊக்கமின்மை என்று கொள்வதா, அன்றைய கூலியை இழக்க முடியாது என்று கொள்வதா? மூன்றாவது வாக்கியம் ஒழுக்க உபதேசம். நான்காவதில் வரும் தீர்வை வினாத்தாள் கேட்கவே இல்லை. தீர்வு சொல்லாமல் விட்டால் குறை என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். கோட்பாடு, கருத்தாக்கம், ஆய்வு, எதிர்வாதம் எதுவும் இல்லை. ஆனால் மாணவர் மனதாரத்தான் எழுதியிருக்கிறார்.

இதே விடையை வேறு விதமாகக் கட்டலாம். பொருள் சார்ந்த காரணங்களிலிருந்து தொடங்குங்கள்: படிக்கத் தனி இடம் இல்லாமை, போஷாக்கு, கட்டணம், பகுதிநேர வேலை. அடுத்து பண்பாட்டுக் காரணம்: பூர்தியூவின் கருத்தைச் சொல்லி, வீட்டு மொழிக்கும் பள்ளி மொழிக்கும் உள்ள இடைவெளியை எடுத்துக்காட்டுங்கள். 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்ற வாதத்தையும் தாராளமாகக் கொண்டுவரலாம். அதை ஒரு கருத்தாகக் கொண்டுவந்து, அது பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளியாக்குகிறது என்ற விமர்சனத்தையும் பக்கத்தில் வையுங்கள். பிறகு பள்ளிக்குள் போங்கள். அங்கே ரிஸ்ட் காத்திருக்கிறார். அடுத்து, பவுல் வில்லிஸ் 1977இல் எழுதிய ஆய்வு. அவர் பின்தொடர்ந்த 12 தொழிலாளர் வர்க்கப் பையன்கள் பள்ளியைக் கிண்டலடித்து, தாங்களாகவே அதை நிராகரித்தார்கள். அந்த நிராகரிப்பே அவர்களைத் தம் தந்தையரின் தொழிற்சாலை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மேலிருந்து அழுத்தும் அமைப்பு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற வாதத்துக்கு இது நல்ல முட்டுக்கட்டை. கடைசியில், பள்ளிக்கு வெளியே உள்ள காரணங்களும் உள்ளே உள்ளவையும் ஒன்றையொன்று எப்படி வலுப்படுத்துகின்றன என்று இரண்டு வாக்கியம். அரசு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கேட்டால் மட்டும் எழுதுங்கள்.

கேள்வியில் இருக்கும் வினைச்சொல்லைக் கவனிப்பதும் பாதி வெற்றி. 'வரையறு' என்றால் இரண்டு வரி. 'விளக்கு' என்றால் காரண காரியம். 'விவாதி', 'மதிப்பிடு' என்றால் குறைந்தது இரண்டு தரப்பு, பிறகு எது வலுவானது என்று காரணத்தோடு ஒரு தீர்ப்பு. 'இரண்டிலும் உண்மை இருக்கிறது' என்று நழுவுவது தீர்ப்பாகாது.

மனப்பாடம் அறவே வேண்டாமா என்றால், வேண்டும். பெயர், ஆண்டு, வரையறை ஆகியவற்றை ஏற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு நான் சொல்லும் வழி ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு பக்கத்துக்கு ஒரு கருத்தாக்கம்: மேலே வரையறை, கீழே ஒரு ஆய்வு, அதன் கீழே நீங்களே பார்த்த ஓர் உதாரணம், கடைசியில் ஓர் ஆட்சேபம். மூன்றாவதையும் நான்காவதையும் பாடப்புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. செய்தித்தாள் படிக்கும்போது பொருந்தும் செய்தி கிடைத்தால் அந்தப் பக்கத்தில் ஒரு வரி. ஆண்டு முடிவில் அந்த நோட்டு எந்த வழிகாட்டிப் புத்தகத்தையும் தோற்கடிக்கும்.

பாடப்புத்தகம் முன்னோடிகள் என்று கொடுக்கும் பட்டியலையும் இதே கண்ணோடு பாருங்கள். கோந்த், மார்க்ஸ், துர்கைம், வெபர் என்று நான்கு ஐரோப்பிய ஆண்கள் இருப்பார்கள். அவர்கள் முக்கியமானவர்கள்தான். ஆனால் கோந்தின் நூலை 1853இல் சுருக்கி ஆங்கிலத்தில் தந்த ஆங்கிலேயப் பெண் எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ, அதற்கு முன்பே சமூகத்தை எப்படி உற்றுநோக்குவது என்று எழுதியவர். அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ் பிலடெல்பியாவின் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் வீடு வீடாகச் சென்று திரட்டிய ஆய்வை 1899இலேயே வெளியிட்டார். அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதியின் தோற்றத்தைப் பற்றி வாசித்த கட்டுரை, அகமணமே (சொந்தச் சாதிக்குள்ளேயே மணப்பதே) சாதியின் அச்சாணி என்று வாதிட்ட சமூகவியல் ஆய்வு. பல பாடப்புத்தகங்களில் இவர்கள் அடிக்குறிப்பாக வந்தாலே அதிகம். பொருத்தமான இடத்தில் இவர்களைக் கொண்டுவரும் விடை திருத்துபவரின் கண்ணில் படும்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். இந்தப் பாடம் சில நாட்களில் நெஞ்சைக் குத்தும். அடுக்கமைவு நடத்தும்போது உங்கள் குடும்பம் மேல் படியில் நின்றதோ கீழ்ப் படியில் நின்றதோ, இரண்டுமே சங்கடம்தான். பாலினப் பாடம் நடந்த மாலையில் வீட்டுக்குப் போய் அப்பாவோடு மோதிய மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வழக்கத்துக்குச் சமூகவியல் காரணம் சொல்வது அதை நியாயப்படுத்துவதாகாது. அதைக் கடைப்பிடிப்பவரைக் கூண்டில் ஏற்றுவதும் ஆகாது. வகுப்பில் ஒருவர் தம் அனுபவத்தைச் சொன்னால் அது சாட்சியம்; மதிப்போடு கேளுங்கள். ஆனால் ஒருவரின் அனுபவத்தை வைத்து எல்லோருக்கும் விதி எழுத முடியாது என்பது உங்களுக்கும் பொருந்தும், அவருக்கும் பொருந்தும்.

கூட எந்தப் பாடங்கள் என்றால், பொருளாதாரமும் அரசியல் அறிவியலும் நன்றாகப் பொருந்தும். உளவியல் கிடைத்தால், ஒரே பிரச்சினையை இரண்டு துறைகள் எப்படி வேறு வேறாகக் கையாளுகின்றன என்று பார்க்கலாம். என்னைக் கேட்டால், வாய்ப்பிருந்தால் கணக்கையோ புள்ளியியலையோ விட்டுவிடாதீர்கள். கணக்குக்குப் பயந்து சமூகவியலுக்கு ஓடி வருபவர்கள் பட்டப்படிப்பில் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

வீட்டில் கேட்கும் கேள்விக்கு நேர்மையான பதில்: ஜூனியர் கல்லூரிச் சமூகவியலை மட்டும் வைத்து யாரும் வேலை தர மாட்டார்கள். அந்த வகுப்பின் இயற்பியலை மட்டும் வைத்தும் தர மாட்டார்கள். இது ஓர் அடித்தளப் பாடம். சட்டம், சமூகப்பணி, இதழியல், ஆசிரியப் பணி, பொதுச் சுகாதாரம், நிர்வாகம், மனிதவளம், நகரத் திட்டமிடல், சந்தை ஆய்வு, கருத்துக்கணிப்பு என்று போகிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். நன்றாகக் கேள்வி கேட்கவும், கிடைத்த பதிலைச் சந்தேகிக்கவும், ஒரு குழப்பமான விஷயத்தை ஒழுங்காக எழுதவும் தெரிந்தவருக்கு இத்துறைகளில் இடம் உண்டு. பொறியியலோ மருத்துவமோதான் இலக்கு என்றால் இந்தப் பாடம் அந்தக் கதவைத் திறக்காது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் மனதில் வைத்திருக்கும் பட்டப்படிப்புக்கு என்னென்ன பாடங்கள் கட்டாயம் என்று சேர்வதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். சேர்ந்த பிறகு விசாரித்துக் கண்ணீர் விடுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

முடிவெடுக்க முடியாமல் தவித்தால், அந்தப் பாடத்தின் புத்தகத்தை யாரிடமாவது கடன் வாங்கிக் குடும்பம், கல்வி ஆகிய இரண்டு அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். படிக்கும்போது 'இப்படியா சொல்கிறார்கள், எங்கள் வீட்டில் அப்படி இல்லையே' என்று நாலு இடத்திலாவது எதிர்த்துப் பேசத் தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று பக்கங்கள் புரண்டுகொண்டே போனால், பாடம் மாற்ற எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவைத்துக்கொண்டு முதல் சில வகுப்புகளில் உட்கார்ந்து பாருங்கள்.